கிலோ கணக்கில் விற்ற நீலம்

நம்ம ஊரில் நீலக்கல் மோதிரம் என்றாலே ஒரு பயம் உண்டு. சனி பகவானின் கல், எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, வாங்கியவுடன் தலையணைக்கு அடியில் வைத்துப் பார் என்பார்கள். அந்தக் கல் கடைக்கு வருமுன் அடுப்பில் வெந்து வந்ததா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இன்று விற்கும் நீலக்கற்களில் பெரும்பாலானவை அப்படி வெந்தவைதான்.

கல்லைச் சுடுவது புதிதல்ல. இலங்கையில் மாணிக்கத்தை நெருப்பில் இட்டு நிறம் திருத்துவதை 13ஆம் நூற்றாண்டிலேயே அத்-திஃபாஷி என்ற அரபு எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார். கரி நெருப்பு, ஊதுகுழல், ஊதுவதற்கு ஓர் ஆள், அவ்வளவுதான். சிவப்புக் கல்லில் ஒட்டியிருக்கும் நீலச் சாயலைப் போக்க அந்தச் சூடு போதும்.

ஆனால் அதே மண்ணில் 'கெவுடா' என்று இன்னொரு கல் கிடைத்தது. சிங்களப் பெயர். பால் கலந்த மாதிரி மங்கலாக இருக்கும், நீலம் இருக்காது. இதைத் தோட்டத்தில் சரளைக் கல்லாகக் கொட்டி வைத்திருந்தார்கள் என்று இரத்தின வியாபாரிகள் கதையாகச் சொல்வார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து இந்தக் கழிவுக் கல்லைக் கிலோ கணக்கில் வாங்கிப் போனார்கள். விற்றவர்களுக்குச் சந்தோஷம். குப்பைக்குக் காசு தருகிறானே!

அந்தப் பால் நிறத்துக்குக் காரணம், கல்லுக்குள் இருக்கும் மிக மெல்லிய ரூட்டைல் ஊசிகள், அதாவது டைட்டானியம் ஆக்சைடு. சுமார் 1,600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றினால் ஊசிகள் கரைந்து, டைட்டானியம் கல்லுக்குள்ளேயே கலந்துவிடும். ஆக்சிஜன் குறைந்த சூழலில் அது ஏற்கெனவே உள்ள இரும்போடு ஜோடி சேரும்போது நீலம் பிறக்கிறது. வெளியிலிருந்து ஒரு சொட்டுச் சாயம் கிடையாது. கல் உருகுவதோ 2,000 டிகிரிக்குச் சற்று மேலே. கொஞ்சம் தப்பினால் கல் வெடிக்கும். மெதுவாக ஆறவிட்டாலோ ஊசிகள் திரும்ப முளைக்கும். ஊதுகுழல் இந்தச் சூட்டை எட்டவே எட்டாது.

பி.காம். படிக்கிறவன் என்பதால் எனக்கு உறுத்துவது வேறு. விற்றவர், வாங்கியவர் இருவர் கையிலும் இருந்தது ஒரே கல். ஒருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயத்துக்குத்தான் விலை. அதிலும் விற்றவர்கள் யார்? நூற்றாண்டுகளாகக் கல் சுட்டவர்களின் வாரிசுகள். 1971 சட்டத்தின்படி அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனமும் அப்போது இருந்தது. ஏமாற்றினார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலையும் முயற்சியும் அவர்களுடையது. அதற்காக அதை நியாயமான விலை என்றும் சொல்ல முடியவில்லை.

பிறகு இலங்கையிலும் உலைகள் வந்தன, கெவுடாவின் விலை ஏறியது. தாய்லாந்து அதோடு நிற்கவில்லை. 2001-02 வாக்கில் பெரிலியம் சேர்த்துச் சுட்ட ஆரஞ்சுக் கற்கள், வெறும் சூடேற்றியவை என்ற பெயரில் சந்தைக்கு வந்து பெரிய கலாட்டா ஆனது. இது உள்ளே இருப்பதைக் கரைப்பதல்ல, வெளியிலிருந்து சேர்ப்பது. வாங்குபவருக்குச் சொல்லாவிட்டால் மோசடிதான். சூடேற்றியதையும் சொல்லித்தான் விற்க வேண்டும். ஒரே தரத்தில் சூடு படாத கல்லுக்கு விலை மிக அதிகம்.

1998இல் மடகாஸ்கரின் இலகாகாவில் நீலக்கல் கிடைத்தது. சாலையோரக் குக்கிராமம் திடீர் நகரமானது. தோண்டியவர்கள் அந்நாட்டு ஏழைகள். கல் வாங்க வந்து உட்கார்ந்தவர்களில் தாய்லாந்துக்காரர்களோடு இலங்கை வியாபாரிகளும் இருந்தார்கள். இந்த முறை எந்தக் கல் உலையில் நீலமாகும் என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்.