ரெண்டு பேரு நின்ன திரை

மேலூர்ல பிளஸ் டூ படிச்சப்போ கிடைச்ச அரசு லேப்டாப்பை ஆன் பண்ணா, திரையில ரெண்டு பேரு நிக்கும்: விண்டோஸ், பாஸ் லினக்ஸ். பாஸ், டெபியனை வெச்சு சென்னை சி-டாக் உருவாக்கின ஓஎஸ். சொந்தமா மெஷின் கிடையாது. அடுத்தவங்க பெட்டியில ஓடினாத்தான் பிழைப்பு.

ஆப்பிள் கதை நேர்மாறு. 1995-ல மேக் ஓஎஸ்ஸை மத்த கம்பெனி கம்ப்யூட்டர்கள்லயும் ஓட்ட லைசென்ஸ் கொடுத்தாங்க. அவங்க விலை குறைச்சு வித்து, ஆப்பிளோட வியாபாரத்துலயே கை வெச்சாங்க. 1997-ல திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் கதவைச் சாத்திட்டார்.

பாஸுக்கு 2011-ல தொடங்கின இலவச லேப்டாப் திட்டமே கதவைத் திறந்துவிட்டுச்சு. ஆனா நான் அதைத் தொட்டதே இல்ல மக்களே! மதுரை பிரவுசிங் சென்டர்ல பழகினது விண்டோஸ்தான். பெட்டிக்குள்ள இடம் கிடைச்சுது. பக்கத்துல உட்கார்ந்து சொல்லித்தர ஆள் கிடைக்கல. இப்போ ஆபீஸ்ல நாள் முழுக்க லினக்ஸ்தான், முதல்ல இருந்து தனியா கத்துக்கிட்டேன்.