முதியோர் நலனை அளத்தல்: ஒரு வரலாற்று நோக்கு

முதியோருள் ஆதரவற்றவர் எவர் எனக் கணக்கெடுப்பது அரசுகளுக்குப் பழகிய பணி. தமிழகத்தில் 1962ஆம் ஆண்டு முதியோர் ஓய்வூதியம் தொடங்கப்பெற்றபோது வயதும் வறுமையுமே அளவுகோல்களாயின. பசித்தவரைக் கண்டறிய அவை உதவின. ஆயினும் முதியவர் ஒருவர் நலமாக வாழ்கின்றாரா என்பதை அவற்றால் அறிய இயலாது.

அவ்வினாவை ஆய்வாளர் எழுப்பியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். அமெரிக்காவில் நியூகார்ட்டன், ஹேவிகர்ஸ்ட், டோபின் ஆகிய மூவர் 1961இல் வாழ்க்கை நிறைவுக் குறியீடு ஒன்றை வெளியிட்டனர். ஓடியாடித் திரிபவரே நலமுள்ளவர் என்னும் பழைய எண்ணத்தை விடுத்து, தம் வாழ்வைத் தாமே மதிப்பிடுமாறு முதியோரை அவர்கள் கேட்டனர். 1985இல் டீனரும் உடன் ஆய்வாளரும் ஐந்து கூற்றுகளே கொண்ட அளவுகோலை வகுத்தனர். 2003இல் இங்கிலாந்தில் உருவான 'காஸ்ப்' என்னும் 19 வினாத் தொகுதி உடல்நலத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் ஒன்றாகக் கொள்ளவில்லை. வாழ்வு தம் கையில் உள்ளதா, விரும்பியதைச் செய்ய இயலுகின்றதா, தம் ஆற்றல் நிறைவு பெறுகின்றதா, மகிழ்ச்சி உண்டா என்னும் நான்கையே அது வினவிற்று.

இந்தியாவில் 2017-18இல் நடைபெற்ற முதுமை குறித்த தொடராய்வின் முதற்சுற்றில், 45 வயதும் அதற்கு மேலும் உடையோரும் அவர்தம் வாழ்க்கைத் துணைவருமாக 72,000க்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டனர். டீனரின் கூற்றுகளும் அதில் இடம்பெற்றன. எனினும் அவ்வாய்வு தருவது மாநில அளவிலான சராசரியே. அதில் திருப்பெரும்புதூர்-ஒரகடம் பகுதியின் முதியவர் தனியே தென்படார்.

அப்பகுதியின் வளம் வேறு எண்களால் அளக்கப்படுகின்றது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் திறக்கப்பட்ட நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை எழுந்தது. உற்பத்தி, முதலீடு, வேலைவாய்ப்பு ஆகிய இவ்வெண்களுள் வேலை செய்யும் வயதைக் கடந்தவருக்கு இடமில்லை.

இங்கே பர்சிலாவை நினைவுகூர்வோம் (2 சாமுவேல் 19). எண்பது வயதான அவரை எருசலேமில் வைத்துப் பராமரிக்கத் தாவீது முன்வந்தார். உணவின் சுவையும் பாடலின் இனிமையும் தமக்கு எட்டா என்று உரைத்து, தம் பெற்றோரின் கல்லறை உள்ள ஊரையே அவர் வேண்டினார். இளைஞனான கிம்காமை மட்டும் அரசனோடு அனுப்பினார். அரசன் அளக்க எண்ணியது ஒன்று. முதியவர் வேண்டியது வேறொன்று. கேட்டதனாலேயே அது வெளிப்பட்டது. பர்சிலாவுக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருந்தது. தொழிற்பகுதியிலோ முதியவர் இருந்த இடத்திலேயே இருக்க, ஊர் அவரைச் சுற்றி மாறிவிடுகின்றது.

நம் சபைகளில் ஆயர் "சுகமாயிருக்கிறீர்களா?" என வினவ, "ஆண்டவர் கிருபையால் சுகம் ஐயா" என்பதே மறுமொழி. அது மெய்யான விசுவாச அறிக்கை. ஆனால் அதனோடு நம் விசாரணை முடிந்துவிடுகின்றது. மகன் அருகிருக்கையில் தாய் வேறு எதனைச் சொல்வாள்? இவ்வளவுகோல்கள் நமக்குக் கற்பிப்பது மதிப்பெண் இடுவதையன்று, கேட்கும் முறையையே. ஓய்வூதியப் பணம் யார் கையில் இருக்கின்றது? ஆலயத்திற்கு வர யாரை எதிர்நோக்க வேண்டியுள்ளது? நாள் முழுதும் பேச எவர் உளர்? இவற்றைத் தனிமையில் அமர்ந்து, பொறுமையோடு கேட்க வேண்டும். வீட்டுத் திருவிருந்துக்குச் செல்லும் ஆயர் இன்னும் அரைமணி நேரம் தங்கினால், மாநிலச் சராசரியில் மறைந்த ஒருவர் திருச்சபைக்குப் புலப்படுவார்.