நன்னூற் பாயிரமும் ஆசிரியர் – மாணாக்கர் உறவும்: ஒரு சமூக நோக்கு

மாணாக்கன் ஆசிரியனிடத்து வினா எழுப்பத் தயங்குவதைத் தமிழ்ப் பண்பாட்டின் மாறா இயல்பெனக் கருதுவோர் உளர். பணிவு எனப் போற்றப்படும் இவ்விடைவெளி எத்தகைய சமூக உறவுகளிற் கால்கொண்டது என்பதையும், கற்கும் திறனை அது எவ்வாறு பாதிக்கின்றது என்பதையும் நன்னூற் பொதுப்பாயிரத்தைக் கொண்டு நாம் ஈண்டு நோக்குவோம்.

கி.பி. 13ஆம் நூற்றாண்டையொட்டிச் சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கிணங்கப் பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். நூல் கற்பிக்கத் தக்கோராக ஆசிரியனின் மகன், அரசன் மகன், பெரும்பொருள் கொடுப்போன், வழிபடுவோன் முதலியோரைக் கூறிய பின்னரே, உரையை விளங்கிக்கொள்ளும் ஆற்றலுடையோனைப் பாயிரம் குறிப்பிடுகின்றது. இவ்வரிசை செய்யுள் நோக்கி அமைந்ததெனக் கொள்ளினும், பிறப்பும் உடைமையும் தகுதிகளாக இடம்பெற்றமை நிலமானிய சமுதாயத்தின் இயல்பையே காட்டுகின்றது.

மாணாக்கன் ஆசிரியனை நெருப்பெனக் கருதி, மிக நெருங்காதும் மிக விலகாதும் ஒழுகுதல் வேண்டும். பணித்தபோதே அமர்தலும் பேசுதலும் வேண்டும். இவ்வொழுங்கிற்குப் பொருளியல் அடித்தளம் ஒன்றுண்டு. ஏட்டுச்சுவடிகள் அரியனவாயிருந்த காலத்தில் நூலும் உரையும் ஆசிரியனையே சார்ந்திருந்தன. அவன் மனங்கோணின் மாணாக்கனுக்குப் பிறிதொரு வாயில் கிட்டுதல் அரிது.

ஆயினும் பாயிரத்தினுள்ளேயே முரண்பாடு ஒன்று காணப்படுகின்றது. ஆசிரியன் உரைத்ததை முற்றக் கொள்ளினும் புலமையிற் காற்பங்கே வாய்க்கும் என்கிறது அது. உடன் கற்போரோடு பயில்வதால் இன்னொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்புமாம். வினாவுதலும் வினாவிற்கு விடையளித்தலும் மாணாக்கனின் கடன்களுள் அடங்கும். அதிகார உறவு அடக்கத்தை வேண்டிற்று. கற்றற் செயலோ உரையாடலை வேண்டிற்று. இவ்விரண்டையும் பவணந்தியார் ஒருங்கே பதிவுசெய்துள்ளார்.

19ஆம் நூற்றாண்டில் அச்சியந்திரம் சுவடியின் அருமையை நீக்கியது. ஆறுமுக நாவலர் (1822–1879) நன்னூலையே உரையுடன் அச்சிட்டு வழங்கினார். 1945இல் இலங்கையில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பொருள் கொடுப்போனுக்கே உயர்கல்வி என்னும் நிலையைப் பெருமளவு தகர்த்தது. அடித்தளம் மாறிய பின்னரும் இடைவெளி நீங்கவில்லை. சுவடி வகித்த இடத்தைப் பரீட்சை பற்றிக்கொண்டமையே இதற்குத் தலையாய காரணம் எனலாம். ஆசிரியர் சொல்லக் கொப்பியில் எழுதி, அதனையே விடைத்தாளில் ஒப்புவிக்கும் மாணவனுக்கு வினா இடையூறாகவே தோன்றும்.

எனவே வினாவும் மாணவனை அடங்காதவனெனக் கொள்வோர் மரபைக் காப்பவராகார். மரபு வகுத்த நான்கு பங்குகளுள் ஒன்றை மட்டும் வழங்கி, மூன்றை மறுப்பவரே ஆவர்.