எஞ்சியவை எல்லாம் ஊராட்சிக்கு: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் கிராமச் சாலைப் பராமரிப்பும் மக்கள் மனுக்களும்

ஊரகச் சாலைப் பராமரிப்பு பற்றிய ஆய்வுகளில் ஒரு முடிவு திரும்பத் திரும்ப எழுதப்பட்டு, இனி விவாதிக்கவே தேவையில்லை என்ற நிலையை அடைந்திருக்கிறது. கிராம மக்கள் தங்கள் ஊராட்சி மன்றத்தைக் கேள்வி கேட்பதில்லை. கிராம சபையில் எழுந்து பேச வேண்டியதை மனுவாக எழுதித் திங்கட்கிழமை ஆட்சியரிடம் கொடுக்கிறார்கள். சட்டமன்ற உறுப்பினரின் வண்டியை நிறுத்திக் கேட்கிறார்கள். எதுவும் நடக்காவிட்டால் நெடுஞ்சாலையில் உட்காருகிறார்கள். அதிகாரத்தை அண்ணாந்து பார்த்தே பழகிய ஒரு சமூகத்தின் வழக்கம் இது, உள்ளாட்சி பற்றிய விழிப்புணர்வு பெருகினால் தானாக மறையும் என்பதே அந்த முடிவு.

இக்கட்டுரை அதை மறுக்கிறது. ஆட்சியர் அலுவலக வாசலில் மனுவோடு நிற்பவர், கிராமச் சாலை தொடர்பான சட்டத்தைப் பிழையின்றிப் படித்திருக்கிறார். அந்தச் சட்டத்தைப் பாதியில் நிறுத்தியவர்கள் ஆய்வாளர்களே. விழுப்புரம் மாவட்டத்தின் 13 ஒன்றியங்களையும் 688 ஊராட்சிகளையும் ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது என்ற எச்சரிக்கையுடனேயே இதைச் சொல்கிறேன். மயிலம், ஒலக்கூர், வானூர், மரக்காணம், விக்கிரவாண்டி, கோலியனூர் ஒன்றியங்களின் நிலைமைகளே இங்கு பெரிதும் கருத்தில் கொள்ளப்பட்டுள்ளன.

பிரிவு 110: பாதியில் நிற்கும் வாசிப்பு

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 110-ஆம் பிரிவு கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகளைப் பட்டியலிடுகிறது. அதில் முதல் இடம் சாலைக்கு; தெருவிளக்கும் வடிகாலும் துப்புரவும் அதற்குப் பின்னரே வருகின்றன. கிராமச் சாலைகள் அனைத்தையும் அமைப்பதும் பழுதுபார்ப்பதும் பராமரிப்பதும் ஊராட்சியின் கடமை. முந்தைய ஆய்வுகள் மேற்கோள் காட்டுவது இந்த இடம் வரைதான். கடமை தெளிவாக இருக்கிறது, கடமைக்கு உரியவரும் தெரிகிறார், ஆகவே அவரைக் கேட்காமல் மேலே போவது அறியாமை என்று வாதம் முடிந்துவிடுகிறது.

ஆனால் அதே உட்பிரிவு, கிராமச் சாலை எது என்பதற்கு ஒரு விளக்கமும் தருகிறது. ஊரில் உள்ள பொதுச் சாலைகளில் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை என வகைப்படுத்தப்பட்டவை நீங்கலாக மற்ற எல்லாம் கிராமச் சாலைகள். அதாவது, கிராமச் சாலைக்கென அகலமோ தரமோ போக்குவரத்து அளவோ சொல்லப்படவில்லை. மற்றவர்கள் எடுத்துக்கொண்டது போக எஞ்சியது எதுவோ அதுவே கிராமச் சாலை. இந்த அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் மூன்று விளைவுகள் புலப்படும்.

முதலாவது, வகைப்படுத்தும் அதிகாரம் எதுவும் ஊராட்சியிடம் இல்லை. ஒரு சாலை ஊராட்சியின் பொறுப்பில் இருப்பது ஊராட்சி அதை ஏற்றதால் அல்ல. வேறு யாரும் ஏற்காததால். இரண்டாவது, 110-ஆம் பிரிவின் தொடக்க வாசகமே அந்தக் கடமையை ஊராட்சியின் நிதி வரம்புக்குள் செய்யப்படும் நியாயமான ஏற்பாடு என்ற அளவில் நிறுத்திவிடுகிறது. எஞ்சிய சாலைக்கு எஞ்சிய பணம் என்பதே இதன் பொருள். மூன்றாவது, அந்தச் சாலைகளின் மேலுள்ள பாலங்கள், சிறுபாலங்கள், தரைப்பாலங்கள் எல்லாம் அதே உட்பிரிவில் ஊராட்சியின் தலையில் ஏற்றப்படுகின்றன. தென்பெண்ணையும் சங்கராபரணியும் ஓடுகிற, ஏரிகளும் அவற்றின் வரத்துக் கால்வாய்களும் பின்னிக் கிடக்கிற ஒரு மாவட்டத்தில், ஒரு தரைப்பாலத்தை எடுத்துக் கட்ட ஆகும் செலவு அது தாங்கும் சாலையின் செலவையே விஞ்சிவிடக்கூடும்.

இதை 112-ஆம் பிரிவோடு ஒப்பிட வேண்டும். ஊராட்சி ஒன்றியக் குழுவின் பொறுப்பு, ஒன்றியச் சாலைகள் என வகைப்படுத்தப்பட்டவை மட்டுமே. அங்கே பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலுக்குப் பொறுப்பான பொறியாளரும் ஓவர்சியரும் உண்டு. ஊராட்சித் தலைவருக்குப் பொறியாளர் கிடையாது. ஒரு பள்ளத்துக்கு ஜல்லி போட வேண்டுமென்றாலும் மதிப்பீடு ஒன்றிய அலுவலகத்திலிருந்துதான் வர வேண்டும். கடமை ஓரிடத்தில் இருக்கிறது; அதை நிறைவேற்றத் தேவையான கையெழுத்து இன்னோர் இடத்தில் இருக்கிறது.

இந்த அமைப்பு 1994-இல் பிறந்ததல்ல. சாலைகளைத் தேசிய நெடுஞ்சாலை முதல் கிராமச் சாலை வரை அடுக்கிய 1943-ஆம் ஆண்டின் நாக்பூர் திட்டம், 1946-இல் தனித் துறையாக உருவான நெடுஞ்சாலைத் துறை, ஜில்லா போர்டுகளுக்கு முடிவுகட்டி ஊராட்சி ஒன்றியங்களைக் கொண்டுவந்த 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த வேலை இது. ஒவ்வொரு கட்டத்திலும் மேலே இருப்பவர் தமக்கு வேண்டிய சாலையைத் தேர்ந்துகொண்டார். கீழே இருப்பவருக்குத் தேர்வு என ஒன்று இருக்கவில்லை.

பதிவேடு மாறினால் சாலை மாறும்

இப்படிப்பட்ட சட்ட நுணுக்கம் ஊர் மக்களுக்குத் தெரியுமா என்று கேட்கலாம். பிரிவு எண் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதன் விளைவு நன்றாகவே தெரியும். கரும்புச் சாலைகளை எடுத்துக்கொள்வோம். இதர மாவட்டச் சாலைகளோடு சேர்த்து நெடுஞ்சாலைத் துறை பராமரிக்கும் வகை இது. முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் சர்க்கரை ஆலைகள் உள்ள இம்மாவட்டத்தில், கரும்பு வண்டி போகும் சாலைக்கு ஒரு துறை பொறுப்பேற்பதையும், அதே ஊரில் நெல் வண்டி மட்டும் போகும் சாலைக்கு யாரும் பொறுப்பேற்காததையும் விவசாயிகள் கண்முன்னே பார்த்திருக்கிறார்கள். சாலையின் விதியை மாற்றுவது அது எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்பதுதான் என்ற அறிவு அங்கே புழக்கத்தில் இருக்கிறது.

இதன் மறுபக்கம் வானூர் வட்டத்தின் கல் குவாரிப் பகுதிகளில் தெரிகிறது. திருவக்கரையைச் சுற்றியுள்ள ஊர்களில் டிப்பர் லாரிகள் கிராமச் சாலையைத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. குறைந்த போக்குவரத்துக்கென 3.75 மீட்டர் அகலத்தில் போடப்படும் தார்ச்சாலை, ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரியைத் தாங்குவதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. முதலில் ஓரம் உடைகிறது. மழைநீர் அந்த விளிம்பில் தேங்கி உள்ளே இறங்குகிறது. அடித்தளம் இளகிய பிறகு நடுவிலும் ஜல்லி பெயர்கிறது. சாலை ஊராட்சியுடையது. ஆனால் லாரியின் எடையைச் சோதிப்பதும், கனரக வாகனத்துக்குத் தடை விதிப்பதும் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி ஊராட்சியின் கையில் இல்லை. ஊராட்சித் தலைவரிடம் முறையிட்டு என்ன பயன் என்று ஒருவர் கேட்டால், அதை விழிப்புணர்வுக் குறைவு என்று எப்படிச் சொல்வது?

இன்னும் நெருங்கிப் பார்க்க, ஜல் ஜீவன் திட்டத்தில் குழாய் பதிக்கச் சாலையின் குறுக்கே வெட்டப்படும் ஒரு பள்ளம் போதும். ஒரு முழ அகலம்கூட இருக்காது. குழாயை இறக்கியதும் தோண்டிய மண்ணையே தள்ளி மூடுகிறார்கள். அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இடிப்பதில்லை. முதல் மழையில் அந்த மண் நான்கு விரல் இறங்குகிறது. இருசக்கர வாகனங்கள் அதைத் தவிர்க்கச் சாலையின் ஓரத்துக்குப் போக, ஓரமும் உடைகிறது. குழாய் ஒரு திட்டத்தின் சொத்து, வெட்டியவர் ஒப்பந்ததாரர், சாலை இன்னொரு திட்டத்தில் போடப்பட்டது. பள்ளம் மட்டும் எந்தத் திட்டத்திலும் இல்லை. எஞ்சியவை எல்லாம் ஊராட்சிக்கு என்ற சட்ட வாசகத்தின்படி அந்தப் பள்ளமும் ஊராட்சிக்கே வந்து சேர்கிறது.

தீர்மானமும் மனுவும்

முந்தைய ஆய்வுகள் கிராம சபைத் தீர்மானத்தையும் மனுவையும் எதிரெதிரே நிறுத்துகின்றன: ஒன்று குடிமக்களின் குரல், மற்றது அடியார்களின் குரல். தீர்மானப் புத்தகத்தின் நடையை அறிந்தவர்களுக்கு இந்த எதிர்நிலை செயற்கையாகத் தோன்றும். சபையில் பேச வேண்டிய பொருள்களில் பெரும்பகுதி ஊரக வளர்ச்சித் துறையிலிருந்தே வருகிறது. சாலை பற்றிய தீர்மானமோ பெரும்பாலும், இன்ன தெருமுனை முதல் இன்ன ஏரிக்கரை வரையிலான சாலையைச் சீரமைத்துத் தர ஒன்றியத்தையோ மாவட்ட நிர்வாகத்தையோ கேட்டுக்கொள்வது என்றே முடியும். சட்டப்படி தன் கடமையாக உள்ள ஒன்றைச் செய்து தருமாறு ஊராட்சியே மேலே கேட்கிறது. ஆகவே கிராம சபைத் தீர்மானமும் ஒரு மனுதான், கையெழுத்துகள் மட்டுமே அதிகம். தனிநபர் அதே கோரிக்கையை நேராக ஆட்சியரிடம் கொண்டுபோனால், அவர் இடையில் உள்ள ஒரு படியைக் குறைத்துக்கொண்டார் என்பதைத் தவிர வேறு எந்தக் குற்றமும் இல்லை.

எல்லா மனுவும் இப்படிப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தன் வீட்டு வாசல் வரை பேவர் பிளாக் கேட்கும் மனுக்களும் உண்டு. ஆனால் சாலையை ஒன்றியச் சாலையாகத் தரம் உயர்த்துங்கள், நெடுஞ்சாலைத் துறையிடம் ஒப்படையுங்கள் என்ற கோரிக்கை ஊர்தோறும் கேட்பதற்கு, சலுகை கேட்டுக் கையேந்தும் மனப்பான்மை என்ற விளக்கம் பொருந்தவே பொருந்தாது. பதிவேட்டை மாற்று என்பது சலுகை கேட்பவரின் மொழியல்ல.

மூடியிருந்த கதவு

மாநிலம் தழுவிய ஆய்வுகள் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு செய்தி, இந்த மாவட்டத்தைப் பொறுத்தவரை முதன்மையானது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. மாவட்டப் பிரிவினையில் சிக்கிய ஒன்பது மாவட்டங்களில் ஒன்றான விழுப்புரத்துக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. இங்கே வாக்குப்பதிவு நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். ஐந்து ஆண்டுகள் இம்மாவட்டத்து ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரே இல்லை. வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர். அதற்கு முன்பும் நீண்ட இடைவெளிகள் உண்டு: மாநிலத்தில் 1970-க்கு அடுத்த ஊராட்சித் தேர்தல் 1986-இலும், அதற்கு அடுத்தது 1996-இலும்தான் நடந்தன.

மனு கொடுப்பதைப் பழக்கம் என்று சொல்பவர்கள், அந்த ஆண்டுகளில் வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்று சொல்ல வேண்டும். இதை முடிவான சான்றாக வைக்க நான் தயங்குகிறேன். தேர்தலுக்குப் பின்னும் மனுக்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் தேர்தலுக்குப் பின்னும் 110-ஆம் பிரிவு மாறவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மறுப்புகள்

சிக்கல் பணத்தில்தான், வகைப்பாட்டில் இல்லை என்பது வழக்கமான மறுப்பு. இதற்கு நீண்ட விடை தேவையில்லை. முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தில் 10,000 கிலோமீட்டருக்கு ரூ.4,000 கோடி என 2023 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. போடுவதற்குப் பணம் திட்டமாக வருகிறது, காப்பதற்குத்தான் வருவதில்லை. 2000-இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்திலும் ஒப்பந்ததாரரின் பராமரிப்புப் பொறுப்பு ஐந்தாண்டோடு முடிகிறது. 2021–26 காலத்துக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டுவிட்டதால், மீதி 40-இல்தான் மற்ற எல்லாத் தேவைகளோடும் சாலையும் போட்டியிட வேண்டியிருந்தது. பணம் எந்த வழியில் போகிறது என்பதையும் வகைப்பாடுதான் தீர்மானிக்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. ஊர்த்தெருவுக்கு வந்த சாலை காலனிக்கு வருவதில்லை. சுடுகாட்டுப் பாதை பல இடங்களில் வரப்பாகவே கிடக்கிறது. இதை எந்தப் பதிவேட்டாலும் விளக்க முடியாது, இது சாதி என்பார்கள். உண்மை. மக்கள் என்று ஒரே சொல்லில் நான் எழுதும்போது இந்தப் பிளவு மறைந்துவிடும் ஆபத்து இருக்கிறது. ஆனாலும் என் வாதம் இங்கே பலவீனப்படவில்லை. எந்தத் தரமும் எழுதப்படாத ஒரு வகைக்குள் முன்னுரிமையைத் தீர்மானிப்பது அந்தந்த ஊரின் ஆதிக்கமே. பட்டியலும் தரமும் இருந்தால் காலனியில் இருப்பவர் சுட்டிக்காட்டிக் கேட்க ஓர் ஆவணமாவது இருக்கும்.

மூன்றாவது மறுப்பு, நெடுஞ்சாலை மறியலாவது வெறும் பழக்கம்தானே என்பது. 1987 செப்டம்பரில் ஒரு வாரம் இம்மாவட்டத்தை நிறுத்திவைத்த வன்னியர் சங்கத்தின் சாலை மறியல் முதல், ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துக்குப் பின் 2024 டிசம்பர் தொடக்கத்தில் இருவேல்பட்டில் நிவாரணம் கேட்டு மக்கள் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை மறித்தது வரை, இங்கே மறியலுக்கு நீண்ட வரலாறு உண்டு. அவை சாலைப் பராமரிப்புக்கான போராட்டங்கள் அல்ல; ஒப்பிடுவதில் எச்சரிக்கை வேண்டும். ஆயினும் இடத்தேர்வு ஒன்றே. உடைந்த கிராமச் சாலையை மறித்தால் யாரும் வரமாட்டார்கள். பொறுப்பாளர் யாரென்று பெயர் தெரிந்த சாலையை மறித்தால்தான் அதிகாரி வருவார்.

இனிச் செய்ய வேண்டியது

ஆய்வுத் துறைக்கு ஒரு கோரிக்கை உண்டு: மக்களின் மனப்பான்மையை அளப்பதை நிறுத்திவிட்டு, ஒன்றிய அலுவலகங்களில் உள்ள சாலைப் பதிவேடுகளைப் படியுங்கள். எந்தச் சாலை எந்த ஆண்டில் எந்த வகைக்கு மாறியது, யார் கேட்டு மாறியது என்பதே இந்த மாவட்டத்தின் உள்ளாட்சி வரலாறு.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. கிராமச் சாலையை எஞ்சியது என்று விடாமல், அதற்கென்று குறைந்தபட்சத் தரத்தையும், கிலோமீட்டர் கணக்கில் ஆண்டுப் பராமரிப்பு நிதியையும் சட்டத்திலேயே எழுத வேண்டும். ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் அந்த ஊரின் சாலைகளும், அவற்றின் வகையும், கடைசியாகத் தார் போட்ட ஆண்டும், அடுத்த பராமரிப்பு எப்போது என்பதும் எழுதப்பட வேண்டும். இம்மாவட்ட ஊராட்சிகளின் இப்போதைய பதவிக்காலம் ஐந்தாண்டுக் கணக்குப்படி 2026 அக்டோபரில் முடிகிறது. தேர்தல் மறுபடியும் தள்ளிப்போனால், மனு ஒன்றே மீண்டும் மக்களின் உள்ளாட்சியாகிவிடும். அப்போதும் அதைப் பழக்கம் என்று எழுத நமக்கு உரிமை இல்லை.