பொன்னும் ஒளியும்: நோய்க்கிருமி ஒழிப்பில் தங்கத்தின் வரலாறு

முன்னுரை

காஞ்சிபுரத்தில் பொன் அழகுக்கு மட்டும் உரியதன்று. பட்டிழையின்மீது வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசிய சரிகை சேலைக்கு மதிப்பைத் தருகிறது. வரதராசப் பெருமாள் கோயிலின் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்கினால் தோஷம் நீங்கும் என்பது மக்கள் நம்பிக்கை. சித்த மருத்துவத்தில் தங்க பற்பம் மருந்தாகிறது. ஒளியால் தூண்டப்பட்டுப் பாக்டீரியாவை அழிக்கும் தங்க நானோ துகள்களை இம்மரபின் நேர்த்தொடர்ச்சியாகக் கொள்ளலாமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உப்பாக வந்த பொன்

1890இல் பெர்லினில் நடைபெற்ற பன்னாட்டு மருத்துவ மாநாட்டில், தங்க சயனைடு மிகச் சிறிய அளவிலேயே காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதாக இராபர்ட் காக் அறிவித்தார். இது ஆய்வுக்கூடக் கண்ணாடிக் கலத்தில் கண்ட விளைவு. நோயுற்ற விலங்குகளிடம் பயன் தரவில்லை. 1920களில் டென்மார்க்கைச் சேர்ந்த மோல்கார்ட், சானோகிரைசின் என்னும் தங்க உப்பைக் காசநோய்க்குப் பரிந்துரைத்தார். அமெரிக்காவில் ஆம்பர்சன் குழுவினர் 24 நோயாளிகளை ஒத்த இரு குழுக்களாகப் பிரித்து, மருந்து பெறும் குழுவை நாணயம் சுண்டித் தேர்ந்தனர். 1931இல் வெளியான அவ்வாய்வு, மருந்தால் நன்மையில்லை, நச்சு விளைவே உண்டு எனக் காட்டியது. உடலெங்கும் பரவிய தங்க உப்பு, கிருமியையும் உறுப்பையும் வேறுபடுத்தவில்லை.

துகளாக வந்த பொன்

நீரில் மிக நுண்ணிதாகக் கலந்த பொன் செந்நிறம் காட்டுவதை 1857இல் மைக்கேல் ஃபாரடே விளக்கினார். 1908இல் குஸ்தாவ் மீ அந்நிறத்திற்குக் கணித விளக்கம் தந்தார். சரிகையில் மஞ்சளாக மின்னும் பொன், நானோ அளவில் சிவக்கிறது. குறிப்பிட்ட அலைநீள ஒளி படும்போது துகளின் எலக்ட்ரான்கள் ஒருசேர அதிர்கின்றன. உறிஞ்சப்பட்ட ஒளி வெப்பமாகிறது. 2006இல் அமெரிக்காவில் ஜாரோவ் குழுவினர், எதிர்ப்பொருள் வழியாகத் தங்கத் துகள்களை ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவில் ஒட்டச் செய்து, லேசர் ஒளியால் அவற்றை அழித்தனர். 2020இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், 25 தங்க அணுக்கள் கொண்ட திரள்களைப் படிக ஊதாச் சாயத்துடன் சேர்த்த பரப்பு, குறைந்த வெண்ணொளியிலேயே பாக்டீரியாவைக் கொல்வதைக் காட்டினர்.

தொடர்ச்சியும் முறிவும்

தங்க பற்பத்திலும் நானோ துகள்கள் இருப்பதை நுண்ணோக்கி ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும், அதன் பயன்பாட்டில் ஒளிக்கு இடமில்லை. காக்கின் மருந்தோ உப்பு. உலோகத் துகள் அன்று. எனவே, பொருள் ஒன்றாயினும் செயல்முறை வேறு. முன்னைய மருந்துகளில் பாதுகாப்பு பெரும்பாலும் அளவைச் சார்ந்திருந்தது. ஒளி முறையில் இடமும் நேரமும் அதனுடன் சேர்கின்றன. ஒளி படாத இடத்தில் துகள் வெப்பமடைவதில்லை.

முடிவுரை

இவ்வேறுபாடு மட்டுமே பாதுகாப்புக்குச் சான்றாகாது. உடலுட்புகும் தங்கத் துகள்கள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கக்கூடியவை. கலத்தில் கிருமி மடிவது நோய் தீர்வதற்கு ஈடாகாது என்பதே சானோகிரைசின் வரலாறு தரும் படிப்பினை. மரபின் பெருமையோ புதுமையின் ஈர்ப்போ, 1931இல் வெளியான, நாணயம் சுண்டிப் பெற்ற சான்றுக்கு மாற்றாக முடியாது.