கள்ளுக்கடை மூடிய பின்

மலாயாத் தோட்டங்களில் கள்ளை ஒழிக்கப் பாடுபட்டோரை நம் வரலாறு மறக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடுக என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. 1947இல் கெடாவில் ஏ. எம். சாமி திரட்டிய தொண்டர் படையினர் கடைவாசலிலேயே மறியல் செய்தனர். அவர்கள்பால் ஊக்கம் இருந்தது, பயிற்சி இல்லை. குடிப்பவனைத் தடுக்க அறிந்தனர். குடியை விட்டவன் கைந்நடுக்கத்தோடு உறக்கமின்றித் தவிக்கையில் உடனிருந்து தேற்றும் முறையைத் தோட்டத்தில் கற்பிப்பார் எவருமிலர்.

அக்கல்விக்கு வித்து 1952இல் சிங்கப்பூரில் ஊன்றப்பட்டது. அங்கிருந்த மலாயாப் பல்கலைக்கழகம் சமூகநலப் பணிக்கென ஈராண்டு டிப்ளோமா வகுப்பைத் தொடங்கியது. வகுப்பறைப் பாடத்தோடு களப்பயிற்சியும் உண்டு. பள்ளிகளுக்குச் சென்று கற்பித்துப் பழகிய பின்னரே ஆசிரியரான நமக்கு இம்முறை புதிதன்று. 1955இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் அபின் அடிமைகளுக்கு மருத்துவமும் கைத்தொழிலும் அளிக்கும் நிலையம் எழுந்தது. குற்றவாளியாக மட்டுமே எண்ணப்பட்டவன் நோயாளியாகவும் கருதப்படலானான்.

மலேசியாவில் இத்துறைப் பட்டக்கல்வி 1975இல்தான் பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில் வந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஈராண்டு மறுவாழ்வு நிலையத்தையும் அதன்பின் ஈராண்டு மேற்பார்வையையும் வகுத்து, அப்பணிக்கு மறுவாழ்வு அதிகாரிகளையும் ஏற்படுத்தியது. ஆயின் அச்சட்டம் கருதியது அபின், ஹெராயின் போன்றவற்றையே. கள்ளின் இடத்தைத் தோட்டங்களில் பிடித்துக்கொண்ட சம்சு அதில் அடங்கவில்லை. சம்சுக்கு அடிமையானவன் வீட்டுக் கதவைத் தட்டும் கடமையை அச்சட்டம் எந்த அதிகாரிக்கும் விதிக்கவில்லை.