ஹிஜ்ரி முதலாம் ஆண்டு: ஒரு வருடம், பல கணக்குகள்

ஹிஜ்ரி முதலாம் ஆண்டு கி.பி. 622 என்று மத்ரஸாவிலேயே படித்துவிடுகிறோம். ஆனால், அந்த வருடத்தில் மதீனாவில் வாழ்ந்தவர்களுக்கு இந்த இரண்டு எண்களுமே தெரியாது. அரபிகள் ‘யானை ஆண்டு’ என்பதுபோல் ஒரு சம்பவத்தை வைத்தே வருடத்தைச் சொல்வார்கள்.

அதே 622 ஜூலையில் சிரியாவின் கிறிஸ்தவர்கள் செலூக்கிய சகாப்தத்தின் 933ஆம் ஆண்டில் இருந்தார்கள். எகிப்தின் கிப்தியருக்கு அது 338. யூதருக்கு 4382. பைசாந்திய அரசின் எழுத்தருக்கோ மன்னர் ஹெராக்ளியஸின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டு. இந்தியாவில் சக ஆண்டு 544. பாரதப் போர் முதலான கணக்கில் 3723. பன்னிரண்டு வருடம் கழித்து வெட்டப்பட்ட ஐஹொளெ கல்வெட்டு இந்த இரண்டு கணக்கையும் சேர்த்தே தருகிறது. இன்று நம் நாட்டில் வழங்கும் புத்த வருடத்தைப் பின்னோக்கிக் கொண்டுபோனால் 1166 வரும்.

ஹிஜ்ரிக் கணக்கு கலீபா உமர் (ரழி) காலத்தில், ஹிஜ்ரி 17 அளவில் முடிவானது. கடிதங்களில் தேதி இல்லாததால் நிர்வாகம் குழம்புகிறது என்று அபூ மூஸா அல்அஷ்அரீ (ரழி) எழுதியதே காரணம் என்கிறார்கள். நபி (ஸல்) அவர்களின் பிறப்பு, நபித்துவம், வபாத் எல்லாம் பேசப்பட்டு, கடைசியில் ஹிஜ்ரத்தே தெரிவானது. பயணம் நடந்தது ரபீஉல் அவ்வலில். வருடம் தொடங்குவதோ முஹர்ரத்தில். அதனால்தான் 622 ஜூலை 16 என்ற நாள் ஹிஜ்ரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முந்தி நிற்கிறது. மாதங்களைக் கூட்டித் தள்ளிப்போடும் ‘நஸீஉ’ வழக்கம் ஹிஜ்ரி 10 வரை இருந்தபடியால், அந்த நாளும் பின்னோக்கிப் போட்ட கணக்குத்தான்.

இந்தச் சகாப்தம் பிற்காலத்தார் கட்டியதல்ல என்பதற்கு எகிப்தில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் சாட்சி. ஆடுகள் பெற்றதற்கான அந்தப் பற்றுச்சீட்டில் அரபியில் ஹிஜ்ரி 22 ஜுமாதல் ஊலா. கிரேக்கத்தில் 643 ஏப்ரல் 25க்குச் சரியான நாள். ஒரே தாள், இரண்டு கணக்கு, ஒன்றையொன்று உறுதிசெய்கிறது.

நமக்கு இதில் ஒரு பாடமுண்டு. பழைய மீஸான் கல்லில் ஹிஜ்ரி 1300 என்றிருந்தால், சிலர் 622ஐக் கூட்டி 1922 என்று எழுதிவிடுகிறார்கள். சந்திர வருடம் சுமார் பதினொரு நாள் குறைவு. 33 ஹிஜ்ரி வருடம் ஏறக்குறைய 32 சூரிய வருடம். ஹிஜ்ரி 1300 தொடங்கியது 1882 நவம்பரில். நாற்பது வருடம், ஒரு முழுத் தலைமுறை, வெறும் கூட்டலில் தொலைந்துபோகிறது. ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் கல்லிலுள்ள ஹிஜ்ரி எண்ணை அப்படியே முதலில் எழுதட்டும். ஈசவியைப் பிறகு பக்கத்தில் போடலாம்.